மருந்து தொடங்காத தங்கை

“சிஸ்டர், குத்திடாதீங்க!”

படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்த லேப் டெக்னீஷியன், ரத்தப் பையிலிருந்து தொங்கிய குழாயை எட்டிப் பிடித்துவிட்டாள். கட்டிலில் ஐந்து வயதுத் தங்கை. பக்கத்துக் கட்டிலில், காது மெஷினோடு பன்னிரண்டு வயது அக்கா. இருவருக்கும் பரம்பரையாக வந்த ஒரே அபூர்வ ரத்தசோகை. பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் யாரோ ஒருவரின் ரத்தம்தான்.

“என்னம்மா, கட்டடம் பத்திக்கிச்சா?” ஆராய்ச்சி டாக்டர் எரிந்து விழுந்தார்.

“சின்னவ ஸ்லைடுல, புதுசாப் பொறந்த பிஞ்சு ரத்த அணுக்கள் நூத்துக்குப் பதினொண்ணு சார்! போன வாரம் ஒண்ணுகூடத் தேறல. அவ உடம்புலயே ரத்தம் ஊற ஆரம்பிச்சிருக்கு. இப்ப வெளி ரத்தம் ஏத்தினா எல்லாம் கலந்து, இது நெசமான்னே தெரியாமப் போயிடும்.”

“எப்படி ஊறும்? நாம சோதிக்கிற வைட்டமின் மாத்திரை பெரியவளுக்குத்தான், எட்டு நாளா. இவளுக்குத் திங்கட்கிழமைதான் ஆரம்பம். ஸ்லைடை மாத்தி வெச்சுட்டு ஓடி வந்திருக்கே.”

பதினாறு வருட லேப் வேலையில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. “இப்பவே புதுசா எடுங்க சார். தப்புன்னா நானே பையைத் திறந்துவிடறேன்.”

அக்கா, தங்கை இருவர் விரலிலிருந்தும் துளி எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பையே வார்டுக்குத் தூக்கி வந்தாள். சாயம் ஏறியதும் டாக்டர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அங்கங்கே அணுக்களுக்குள் மெல்லிய நீல நூல்கண்டுகள், பிஞ்சு அணுவின் அடையாளம்.

“பெரியவ பத்து...” அடுத்த ஸ்லைடை மறுபடி எண்ணினார். “சின்னவ பதினொண்ணேதான்.”

கட்டிலோரம் நின்ற பிள்ளைகளின் அம்மாவும் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாள். “இதெல்லாம்... யாரு குடுத்த ரத்தம் சார்?”

“யாரும் குடுக்கல. இவ எலும்புக்குள்ள பொறந்தது.”

அம்மா கண்ணை எடுக்காமல் கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா மருந்தே இல்லாம எப்படி?” டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

“சத்தியமா சார், மாத்திரைய நான் பெரியவ கையில மட்டும்தான் குடுத்தேன்!”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

“திட்டமாட்டீங்கல்ல?”

“மாட்டேன். சொல்லும்மா.”

“தினம் ரெண்டா உடைப்பேன். சரியா உடையாது... பெரிய துண்ட இவளுக்குக் குடுத்திருவேன்.”