ஏழு நாளும் வந்தவள்

1.

இந்தக் கதை என் மடத்தனத்தில் பிறந்தது. மறைக்க ஆசைதான், ஆனால் மனைவி படித்துவிடுவாள்.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் வாத்தியார். வகுப்பெல்லாம் ஆன்லைனில். கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

திரைக்கு அப்பால் ஒரு நெஞ்சம் தவிப்பதை அந்தக் கருணைமிக்க ஆசிரியர்

(நிறுத்திவிட்டேன். கருணையாவது கத்தரிக்காயாவது!)

2.

நடந்தது இதுதான். வகுப்பில் ஒரு பெண் பெயர் தெரிந்தது. என் பட்டியலில் அது இல்லை. யாரோ அழையா விருந்தாளி என்று வெளியேற்றினேன். மறுநாளும் வந்தாள், வெளியேற்றினேன். இப்படி ஏழு வகுப்பு. கடமையில் நான் அப்படியொரு புலி.

எட்டாம் நாள், என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் மைக்கைத் திறந்துவிட்டாள்.

"சார், தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க. உங்க லிஸ்ட்ல பதினாலாவது ஆள் நான்தான். அதுல இருக்கிறது பழைய பேரு. நான் திருநங்கை சார். பேரை மாத்தச் சொல்லி ஆபீசுக்கு மூணு தடவை எழுதிட்டேன்."

"அப்படியா, சரி சரி" என்றேன். பாடத்தைத் தொடர்ந்தேன்.*

* நாற்பத்திரண்டு பேர் முன்னால் அவள் அதைச் சொல்ல நேர்ந்தது என்னால். வெட்கமாக இருக்கிறது. அதையும் அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கிறேன் பாருங்கள், என் லட்சணம் அது.

3.

ஏழு நாள் வரவில்லை என்று பதிவானதால் அவள் தேர்வு எழுத முடியாது. 'தவறு என்னுடையது' என்று இன்று ஐந்து மணிக்குள் நான் அலுவலகத்துக்கு எழுதினால் முடியும். நானோ முடிவு தேடிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு அ: ஆசிரியர் கண்கலங்கிப் பேச, வகுப்பே கைதட்ட

(அவள் எங்கே? என் கதையிலிருந்தும் வெளியேற்றிவிட்டேனா?)

முடிவு ஆ: அவள் மன்னித்துவிட்டாள்.

(அவளைக் கேட்காமலா? காலையில் அவள் அனுப்பியது ஒரே வரி: "சார், லெட்டர் அனுப்பிட்டீங்களா?")

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணுக்கு லெட்டர் எழுதியாச்சா?"

"கதையில அவளுக்கு நியாயம் பண்ணிட்டிருக்கேன்."

"ஓகோ. கதையைக் காட்டினா பரீட்சை எழுத விட்டுடுவாங்களா?"

4.

மணி நாலு நாற்பது. கதைக்கு முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஐயா, பதினான்காம் எண் மாணவி ஏழு நாளும் வகுப்புக்கு வந்தார். நான்தான்