வடைக்கடையை மறைத்த கலைச்சுவர்

மலையாளச் சீமையின் தம்பானூர் பேருந்து நிலைய வாசலில் உலகம்மாளின் தட்டுக்கடையைக் கண்டால், எமலோகத்துக்குப் புறப்பட்டவன்கூட இறங்கி ஒரு உளுந்துவடை தின்றுவிட்டுத்தான் போவான். அப்பேர்ப்பட்ட இடம். அந்தக் கடைக்கு முன்னால்தான் ஒருநாள், யானை நின்றாலும் தெரியாத உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியது.

சுவரில் யார்? சாட்சாத் உலகம்மாளேதான். அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைக்க வந்தவள், பனைமர உயர ஓவியமாகச் சிரித்தபடி, ஆள் எட்டும்படி கையைத் தாழ நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த உள்ளங்கையில் யாராவது கையை வைத்தால் அவளுடைய வாழ்க்கைக் கதை ஒலிக்கும். அவளது சொந்தக் குரல் 'அவ்வளவு இயல்பாக இல்லை' என்று கொச்சியிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்துப் பேசவைத்திருந்தார்கள்.

"யாரும் காணாத மனுஷரை இனி நாடே காணணும் சேச்சி. அதாக்கும் என்டெ கலை," என்றான் சுவரை வடிவமைத்த ஸ்ரீகுமார்.

"அது சரி சாரே. செவருக்குப் பின்னால நிக்க என்னைய எவன் காணுவான்? சுட்ட வடைய நானேல்லா திங்கேன்! நடுவுல ஒரு சன்னல் வச்சுத் தாங்க."

"சன்னலோ! சேச்சி, இது கலையாணு, கேட்டோ!"

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால், சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். உலகம்மாள் மிஞ்சிய வடைகளை எண்ணிப் பார்த்தாள்.

திறப்பு விழா வந்தது. செண்டைமேளம், பொன்னாடை, பிரசங்கம். பிரசங்கத்தின் நீளத்தில் முன்வரிசைக்காரர்களுக்குத் தாடியே முளைத்துவிட்டது. தலைமை விருந்தினர் எழுந்த நேரம் பார்த்துக் கொட்டியது ஒரு மழை! மின்சாரம் போயிற்று; சுவருக்குப் பேச்சும் நின்றது. ஸ்ரீகுமார் சுவருக்குப் பின்னால் பாய்ந்து வந்தான்.

"சேச்சி, ரட்சிக்கணும்! இந்த ஒயர் ஓட்டை வழியா நிங்களே ஒண்ணு பேசணும்!"

"சன்னல்?"

"வைக்காம் சேச்சி, வைக்காம்!"

தலைமை விருந்தினர் உள்ளங்கையில் கையை வைத்தார். "எந்தா அம்மச்சி, சுகமாணோ?"

"எங்க சுகம்? என் கடைய மறச்சு இந்தச் செவர எழுப்பிட்டானுவ. நீரும் சும்மா கைய வச்சிக்கிட்டு நிக்கீரு. வடை வேணுமா, வேண்டாமா?"

தலைமை விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செயற்கை நுண்ணறிவு! தன்னைத்தானே விமர்சிக்குதே!"

கைதட்டிய தட்டில் மழை பயந்து நின்றுவிட்டது.

மறுநாளே சன்னல் வந்தது. வடை வெளியே வந்ததும் 'மணமும் தரும் இயந்திரம்' என்று பத்திரிகைகள் எழுதின. ஜெர்மனியிலிருந்து வந்த நிபுணர் சன்னலுக்குள் தலையை விட்டு, உலகம்மாளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"வியர்வைகூட எவ்வளவு தத்ரூபம்!"

"தள்ளி நில்லும்வே, எண்ணெ தெறிக்கும்," என்றாள் உலகம்மாள். அதையும் குறித்துக்கொண்டார்.

சுவருக்குக் கிடைத்த விருதை ஸ்ரீகுமார் வாங்கிக்கொண்டான். உலகம்மாளுக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. மத்தியானத்துக்குள் சட்டி காலியாகிவிடுகிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவள் ஊருக்குப் போனபோதுதான் ஸ்ரீகுமார் பாடு திண்டாட்டமானது. சன்னலில் ஒரு பலகையை மாட்டினான்: 'மென்பொருள் மேம்படுத்தப்படுகிறது. வெள்ளிக்கிழமை முதல் வடை உண்டு.'