ஆற்றைக் கடக்கும் விதம்

பிறர் எழுதியதை வெட்டுவதுதான் என் பிழைப்பு. சிறுவர் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்துவருகிறேன். ஒரு சொல் அதிகப்படியாகத் தெரிந்தாலும் என் கை சும்மா இருக்காது. அதனால் எங்கள் எழுத்தாளர் எனக்கு வைத்த பெயர் கத்தரி. "கத்தரியம்மா இன்னைக்கு என்ன மூட்ல இருக்காங்க?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவரைப் பிள்ளைகள் ஆற்றுமாமா என்பார்கள். ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைக்கும் அரசாங்க வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எழுத ஆரம்பித்தார். காடு, மலை, ஆறு. அங்கே வழி தவறிப்போகும் நாலு பிள்ளைகள். கடைசியில் எப்படியோ வீடு வந்து சேர்வார்கள். அந்த 'எப்படியோ' தான் அவருக்கு உயிர். மற்றவர்கள் கதையில் பிள்ளைகள் அதிர்ஷ்டத்தால் தப்புவார்கள். இவர் கதையில் காற்றை மோந்து, நிழலைப் பார்த்து, பறவை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்துத் தப்புவார்கள். தான் செய்து பார்க்காத ஒன்றை எழுதவே மாட்டார். "கதைல என்ன வேணா விடலாம்மா, ஆத்துல விடக்கூடாது" என்பார்.

பென்சிலால் எழுதுவார். நகல் எடுக்கும் பழக்கம் கிடையாது. இருப்பது ஒரே பிரதி, அது என் அலமாரிக்கு வந்துவிடும்.

போன வருஷம் வந்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் பிள்ளைகள் ஆற்றைக் கடந்து வீடு திரும்புகிறார்கள். எங்கே கடப்பது, கம்பை எப்படி ஊன்றுவது, நீரோட்டத்துக்குச் சாய்வாக எப்படி நடப்பது, செருப்பை எங்கே கட்டிக்கொள்வது, சின்னவர்களைக் கரையிலேயே உட்காரவைப்பது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரத்தில் புத்தகம் முடிய வேண்டும். அச்சுக் கோத்துப் பார்த்தால் நாலு வரி அதிகம். எதை எடுக்கலாம் என்று பார்த்தேன். ஆற்றின் நடுவில் கதை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறது, அங்கே போய் ஒரு அறிவுரை. என்ன அவசரம் இவருக்கு, என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த நாலு வரியையும் அடித்தேன். அந்த மாதம் அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது, ப்ரூஃப் நானே பார்த்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதுதான், சொல்லவே இல்லை.

ஏழு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. வாசகர் கடிதங்களை நான்தான் பிரிப்பேன். கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது.

"ஐயா, நான் லிஃப்ட் மெக்கானிக். என் மூத்த மகளுக்குப் பத்து வயது. உங்கள் புத்தகத்தில் உள்ளபடி ஆற்றைக் கடக்கப் போய் இறந்துவிட்டாள். நான் சண்டை போட எழுதவில்லை. அவள் எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. கம்பு எடுத்துப் போயிருக்கிறாள். சாய்வாகத்தான் நடந்தாளாம். தங்கையைக் கரையில் உட்காரவைத்திருக்கிறாள். மழை இல்லை, நல்ல வெயில். தண்ணீரில் நிறையச் சருகு வந்தது, அக்கா நின்று வேடிக்கை பார்த்தாள் என்று சின்னவள் சொல்கிறாள். புத்தகத்தை எட்டு முறை படித்துவிட்டேன். என் மகள் எதைச் செய்யத் தவறினாள் என்று தெரியவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்."

சருகு என்ற சொல்லுக்கு மறுபடி மறுபடி திரும்பிப் போனேன். நான் அடித்த நாலு வரியும் சருகைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை எழுத்தாளர் வந்தபோது கடிதத்தை மட்டும் நீட்டினேன். நின்றுகொண்டே படித்தவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"சருக பத்தி நான் எழுதலையாம்மா?"

புத்தகத்தை எடுத்தார். கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை பார்த்தார்.

"எழுதல" என்றார். "முப்பது வருஷம் ஆத்தப் பாத்தவன். அத எப்படிம்மா விட்டேன்? எழுதினதாத்தான் ஞாபகம். ஆனா இங்க இல்லையே. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சேன்னு சாதிப்பாங்க, போய்ப் பாத்தா எரிஞ்சிட்டு இருக்கும்."

எதை வெட்டினாலும் அவரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம்; அதனால் பிரதியைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். அலமாரி என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது, வேலை போய்விடும் என்று பயந்தேன் என இப்போது காரணம் சொல்லலாம். அது பொய். ஒரு குழந்தையின் சாவுக்கு நான்தான் என்று நினைக்கத் தொடங்கி, அந்த வாக்கியத்தை மனசுக்குள்கூட முடிக்க முடியாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அது முழுசாக வெளியே வந்துவிடும். "தண்ணி குடிங்க சார்" என்றேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

அடுத்த மூன்று வாரம் அவர் மருத்துவமனைக்கு அலைந்தார். மூளையைப் படம் எடுத்தார்கள். ஐந்து பொருளின் பெயரைச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். "நாலுதான் வந்துச்சும்மா" என்று என்னிடம் வந்து சொன்னார். பரீட்சையில் தோற்ற பிள்ளை போல இருந்தது அவர் முகம். பாதியில் இருந்த புதுப் புத்தகத்தை நிறுத்திவிட்டார். முப்பது வருஷத்துக் குறிப்பு நோட்டுகளை இரண்டு பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "இதுல எது சரி, எது நானா நெனச்சுக்கிட்டதுன்னு இப்பத் தெரியல. யாருக்கும் குடுக்காதீங்க." கத்தரி என்று ஒரு முறைகூட அவர் கூப்பிடவில்லை. நானும் ஒரு பக்கத்தைக்கூட வெட்டவில்லை. பென்சிலை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

நாலாவது திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், அந்தப் பெண்ணின் அப்பா நேரிலேயே வந்துவிட்டார். வேலை உடுப்பில் இருந்தார். கையில் பழைய நாளிதழால் அட்டை போட்ட புத்தகம். எழுத்தாளரும் இருந்தார். மூன்று நாற்காலி போட்டால் நிரம்பிவிடும் அறை எங்களுடையது. முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.

"பதில் வரல. அதான் நேர்ல வந்தேன்" என்றார். "எங்க வேலைல ஒரு கேபிள் அறுந்தா, எந்த செக்கிங் விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போக முடியாது. அதுதான் சார் கேக்கறேன். என் பொண்ணு எத விட்டா?"

எழுத்தாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க பொண்ணு எதையும் விடலப்பா. நான் விட்டேன். சருகு வந்தா மேல எங்கயோ மழைன்னு அர்த்தம். உடனே கரையேறிடணும். அத நான் எழுத மறந்துட்டேன். எனக்குப் புத்தி தடுமாறுது. எழுதவே கூடாத ஆளு நான், எழுதிட்டேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து அவர் கையைப் பிடிக்கப் போனார். எழுபத்துமூன்று வயது மனிதர். என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். நான் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்த பக்கத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

"சார் எழுதியிருந்தாரு. நான்தான் எடுத்தேன். இடம் பத்தல" என்றேன்.

எழுத்தாளர் குனிந்து படித்தார். அவர் முகத்தில் ஒரு நொடி பெரிய நிம்மதி தெரிந்தது. தன் புத்தி எங்கேயும் போகவில்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே எதிரில் இருப்பவர் யார் என்ற நினைவு வந்து, வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். என்னை அவர் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பா மட்டும் அடித்தலுக்கு அடியில் இருந்ததை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நாலு வரிதானா?" என்றார்.

"ஆமா."

தன் புத்தகத்தைத் திறந்து, கதை முடிகிற இடத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கத்துல கதையே இல்லையே."

எங்கள் பிற வெளியீடுகளின் பட்டியல் அது. எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் அதுதான். அதை எடுத்துவிட்டு நாலு வரியைப் போடலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினோரு தலைப்புகளுக்கு நேராகப் பென்சிலால் சின்னச் சின்ன டிக்.

"படிச்சு முடிச்சதுக்கு டிக் போட்டிருக்கா. புத்தகத்துல கிறுக்கவே மாட்டா. அவ பென்சில் பட்டது இந்தப் பக்கம் ஒண்ணுதான். தெனமும் இதத்தான் பாத்துட்டு இருக்கேன்."

எனக்கு அழ உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அதுதான் சரி.

அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். வேலைக்கான சீட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அந்த நாலு வரிய எழுதிக் குடுங்க மேடம். சின்னவ ராப்பகலா அக்கா என்ன தப்பு பண்ணான்னு கேட்டுட்டே இருக்கா. அக்கா எதையும் தப்பா பண்ணல, இது அவளுக்குத் தெரியாதுன்னு படிச்சுக் காட்டணும்."

எழுதினேன்.

'ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தண்ணீரில் சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலே எங்கோ மழை என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் சரி, ஆற்றில் கால் வைக்கக் கூடாது. வைத்திருந்தால் அந்த நிமிஷமே திரும்பிக் கரையேறிவிடுங்கள்.'

தாளை வாங்கிப் பார்த்தவர், மறுபடி என்னிடமே நீட்டினார்.

"எதையும் விடலையே?" என்று கேட்டார்.

அவர் அதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தாளைக் கையெழுத்துப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தேன். முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.