ஆப்ரின் ஒத்துக்கொண்ட சுவர்

ஆப்ரின் தன் அறையைத் தவிர வேறெங்கும் தூங்கமாட்டாள். பதினாறு வயதாகிறது. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்னபோது சின்னப் பிள்ளை. பேச்சு குறைவு. ‘வேணும்’, ‘வேணா’, ‘வாப்பா’, ‘உம்மா’, ‘ரொட்டி’, இன்னும் கொஞ்சம் சொற்கள். பகலில் எங்கே கூப்பிட்டாலும் வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து காரில் போவது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் ரெங்கம் ஊரில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு, அதிலும் அந்தப் பின்னறைக்கு, வந்துவிட வேண்டும்.

ஒருமுறை மெர்சிங் கடற்கரையில் ஹோட்டல் அறை எடுத்துப் பார்த்தார்கள். ஆப்ரின் கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே அழுதாள். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவள் வாப்பா ஷாநவாஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாமான்களை எடுத்துக் காரில் போட்டான். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளை தூங்கினாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வெளியே எங்கும் ராத்தங்கியதில்லை.

அதனால் அதிகம் இழந்தது ஷாநவாஸின் மனைவி நுஸ்ரத். அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்காதான், மீரா பீவி. சாஆ என்ற ஊரில் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். பெருநாள் என்றாலும் விருந்து என்றாலும் நுஸ்ரத் காலையில் போவாள், மக்ரிப் தொழுகைக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்து பேசத் தொடங்கும் நேரத்தில் அவள் கார் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். அவள் குறை சொன்னதில்லை. அக்கா வீட்டாரும் ஏனென்று கேட்டதில்லை.

மீரா பீவியின் மகள் ஜெஸிமாவுக்குக் கல்யாணம் முடிவானதும் அக்கா போன் செய்தாள்.

“மருதாணி வெள்ளிக்கிழம ராத்திரி. நிக்காஹ் மறுநா. நீதான் பிள்ளைக்கு மருதாணி போடணுமாம். வேற யாரும் போடக் கூடாதுன்னு சொல்லிட்டா.”

“லாத்தா, நான் சனிக்கிழம காலையில வந்துர்றேனே. சுபுஹு தொழுதுட்டு நேரா கிளம்பிருவேன்.”

அக்கா, “சரிம்மா, பிள்ளையப் பாத்துக்க” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட நுஸ்ரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஷாநவாஸ் கூடத்தில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரான குளுவாங்கில் ஏர்கோன் எனும் குளிர்சாதனப் பெட்டி பொருத்தும் வேலை அவனுக்கு. அடுத்த வாரமே, கம்பெனியில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய சாமான் வேனை முதலாளியிடம் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வெறும் தகரம். ஏறி நின்றால் அடுப்புக்குள் நிற்பதுபோல் கொதித்தது.

“இத வெச்சு என்ன செய்யப் போறீங்க?” என்றாள் நுஸ்ரத்.

“அவளுக்கு அவ ரூம் வேணும். ரூமையே கூட்டிட்டுப் போனா என்ன?”

நுஸ்ரத் உள்ளே போனாள். நம்பி ஏமாறுவதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேனுக்குள்ளேயே கிடந்தான். கூரையில் காற்றாடி வைத்தான். சூடு இறங்காமலிருக்கத் தகரத்தின்மேல் பஞ்சு அடைத்தான். ஆப்ரின் கட்டிலின் அதே அளவில் கட்டில் செய்து, அவளுடைய பச்சைப் போர்வையைப்போல இன்னொன்று தேடிப்பிடித்து விரித்தான். சுவருக்கு வழவழப்பான வெள்ளைப் பலகை வாங்கிப் பசை போட்டு ஒட்டினான். பார்க்க ஆஸ்பத்திரிபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆப்ரின் ஒரு காலை உள்ளே வைத்தாள். சுவரைத் தொட்டாள். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். பலகைக்குப் பின்னால் தகரம் டம்மென்று அதிர்ந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “வேணா, வேணா” என்று வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

ஷாநவாஸ் வேன் படியில் உட்கார்ந்தான். சமையலறை ஜன்னல் வழியாக நுஸ்ரத் அவனைப் பார்த்தாள். கையில் அரிசி களைந்த தண்ணீர்ப் பாத்திரம் அப்படியே இருந்தது. இத்தனை ஞாயிறும் இவன் யாருக்காகக் கிடந்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்காக மட்டுமில்லை. அக்காவிடம் தான் போனில் பேசியதை அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. டீ மட்டும் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் மதியம் ஆப்ரின் பக்கத்தில் நுஸ்ரத் கொஞ்சம் தலைசாய்த்தாள். பிள்ளை கண் மூடியிருந்தாலும் அவளுடைய விரல் மட்டும் சுவரில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அது செங்கல் சுவரில்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஒரு பெரிய அறையை இரண்டாக்குவதற்காக அடித்த பலகைத் தடுப்பு. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் மேலிருந்து கீழ்வரை ஓடியது. நுஸ்ரத்தும் தன் விரலை வைத்துப் பார்த்தாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது. ஓரங்கள் கூராக இல்லாமல் மழுங்கியிருந்தன. எத்தனையோ வருஷமாக இந்தப் பிள்ளை இப்படித் தடவித் தடவித்தான் தூக்கத்துக்குள் போயிருக்கிறாள். தினமும் பார்த்த காட்சிதான். இன்றுதான் கண்ணில் பட்டது.

ஷாநவாஸ் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள்.

“அலமாக்!” என்று அவன் நெற்றியில் கை வைத்தான். “கட்டிலப் பாத்தேன், போர்வையப் பாத்தேன். சுவத்தப் பாக்கவே இல்லையே நான்!”

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி ரெங்கத்துக்கு வெளியே உள்ள ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மரத்தை இழைத்துத் தேய்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நுஸ்ரத்தைவிடச் சில வயது மூத்தவள். கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் வந்து பின்னறைச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“இது பழைய மெராந்தி மரம். இந்த மாதிரி இப்ப எங்க போறது? எங்க பேக்டரில ரப்பர் மரம்தான். கணு விழுந்த பலகை, நிறம் சேராத பலகையெல்லாம் தனியாப் போட்டிருப்பாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்.”

“தருவாங்களா அக்கா?”

“கேட்டாத்தானே தெரியும் லா.”

சூப்பர்வைசர் ஒரு சீனப் பெண்மணி. எதற்கு என்று கேட்டாள். புஷ்பவள்ளி உள்ளதைச் சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையும் இப்படித்தான் என்று அந்தப் பெண்மணி சொன்னாளாம். பலகையை எடுத்துப் போகவும் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை மத்தியானம் புஷ்பவள்ளியின் கணவர் மூர்த்தி தன் சின்ன லோரியில் பலகைகளைக் கொண்டுவந்து வாசல் போர்ச்சில் இறக்கினார்.

“எங்க அப்பா காலமெல்லாம் பால் வெட்டுன மரம்,” என்று சொல்லிச் சிரித்தார். “இப்ப உங்க வேன்ல ஏறி ஊர் சுத்தப் போவுது.”

வெள்ளைப் பலகையைப் பிய்த்து எடுத்தார்கள். வேனின் இரும்பு விலாக்களில் மெல்லிய மரச்சட்டங்களைத் திருகி, அதன்மேல் பலகையை வரிசையாக நிறுத்துவதுதான் திட்டம். எல்லாப் பலகையையும் ஒரே நீளத்தில் நேராக அறுத்துவிட்டான் ஷாநவாஸ். நிறுத்திப் பார்த்தால் மேலே பெரிய இடைவெளி. வேனின் சுவர் நேராக இல்லை. இடுப்புக்கு மேலே உள்பக்கமாக வளைகிறது. அன்று அறுத்த பலகைகள் எல்லாம் வீண். மூர்த்திதான் ஏர்கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வேன் சுவரில் வைத்து அழுத்தி, வளைவைப் பென்சிலால் வரைந்தார். “முதல்ல அட்டையில வெட்டிப் பாப்போம். அட்ட வீணாப் போனா யாரும் அழ மாட்டோம்.”

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. வளைவில் வளைந்து கொடுக்கும்படி பலகையின் முதுகை இழைத்து மெலிதாக்கினார்கள். புஷ்பவள்ளி ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் சரிவாகச் சீவினாள். இரண்டு பலகை சேரும் இடத்தில் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளத்தின் அகலத்துக்கு அளவுகோல் நுஸ்ரத்தின் ஆள்காட்டி விரல். பின்னறைக்குப் போய் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வந்து புதுப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பாள். “இன்னும் கொஞ்சம் அக்கா.” மறுபடி போவாள், வருவாள். வாடை பிள்ளைக்கு ஆகாது என்பதால் வார்னிஷ் வேண்டாமென்று முடிவு செய்து, தேன்மெழுகு தேய்த்துப் பல நாள் காற்றாட வைத்தார்கள்.

ஆப்ரின் முதலில் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு போர்ச் தூணருகே நின்று பார்த்தாள். ஒருநாள் யாரும் கூப்பிடாமலே வந்து, சாய்த்து வைத்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தாள். “வேணா.” இன்னும் சிலவற்றையும் அப்படியே வெளியேற்றினாள்.

ஷாநவாஸ் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிலாம்பு இல்லை. வெடிப்பு இல்லை. மற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குப் புரியவில்லை. புஷ்பவள்ளிக்கும் புரியவில்லை.

“என்னா தப்புன்னு தெரியல தம்பி,” என்றாள் அவள். “ஆனா இது அவ சுவரு. அவ வேணான்னா வேணாம்தான்.”

வேண்டாமென்று ஒதுக்கியவற்றைக் கட்டிலுக்கு அடியில் பெட்டி செய்யப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளை தேர்ந்தெடுத்தவை மட்டும் சுவரேறின. ஒரு பலகையை ஷாநவாஸ் திருகும்போது அவளே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் திருகாணியை முடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான். “முடுக்குங்க, கை வலிக்கும் பிள்ளைக்கு,” என்றாள் நுஸ்ரத்.

எல்லாம் முடிந்து செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். குண்டும் குழியுமான பாதை. பலகைகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சுக்கீச்சென்று கத்தின. ஆப்ரினின் கைகள் காதுக்குப் போயின. நுஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

ஷாநவாஸ் மனம் தளரவில்லை. ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் உறையை மெல்லிய பட்டைகளாக வெட்டி, அத்தனை பலகையையும் கழற்றி, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வைத்து மறுபடி பூட்டினான். மூர்த்தி விளக்குப் பிடித்தார். அடுத்த தடவை அதே சாலையில் போனபோது என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆப்ரின் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபிறகு இறங்க மறுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஆ போய்ச் சேர்ந்தார்கள். கடைக்குப் பின்னாலிருந்த ரம்புத்தான் மரத்தடியில் வேனை நிறுத்தினான் ஷாநவாஸ். வீடு நிறைய ஆட்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் மீரா பீவி வழக்கம்போலச் சமையலறைக்குப் போய்த் தங்கைக்குக் கொடுத்துவிடுவதற்காக இறைச்சியும் நெய்ச்சோறும் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள். வேன் எதற்கு என்று நுஸ்ரத் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நடக்காமல் போய்விட்டால் என்ற பயம்.

“கட்டாதீங்க லாத்தா.”

“ஏன், போற வழியில பசிக்குமே?”

“போகல. ராத்திரியும் இங்கதான் இருப்பேன்.”

மீரா பீவி கையிலிருந்த வாழையிலையைக் கீழே வைத்தாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று ஜெஸிமாவின் இரண்டு கைக்கும் நுஸ்ரத்தான் மருதாணி போட்டாள். அக்காவின் மடியில் தலைவைத்துச் சின்ன வயதுக் கதையெல்லாம் பேசினாள். நடு நடுவே எழுந்து ஜன்னல் வழியாக வேனைப் பார்ப்பாள். ஷாநவாஸ் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவான்.

விடிந்ததும் ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தாள். ஆப்ரின் நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் கை சுவரில் படிந்திருந்தது. கீழே விரித்த பாயிலிருந்து ஷாநவாஸ் எழுந்து வெளியே வந்து சோம்பல் முறித்தான்.

“தூங்கினாளா?”

“உன்ன மாதிரியே குறட்ட விட்டுத் தூங்கினா.”

நுஸ்ரத் சிரிக்கவில்லை. பல வாரமாகச் சொல்ல நினைத்தது இப்போது வந்தது. “ஜஸாகல்லாஹ் ஹைர். இதுக்கு மட்டும் இல்ல. எல்லாத்துக்கும்.”

“என்ன, யாரோ வேத்தாளுக்கு நன்றி சொல்ற மாதிரி சொல்ற?” என்றான் அவன். ஆனால் பிடித்த அவள் கையை விடவில்லை.

நிக்காஹ் முடிந்து விருந்து நடந்துகொண்டிருந்தபோது புஷ்பவள்ளியும் மூர்த்தியும் ரெங்கத்திலிருந்து வந்தார்கள். மீரா பீவி அவர்கள் யாரென்று தெரிந்ததும் பந்தியை விட்டு எழுந்து வாசலுக்கே போனாள். புஷ்பவள்ளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என் தங்கச்சிய எனக்கு ஒரு ராத்திரி குடுத்தீங்க” என்றாள். புஷ்பவள்ளி கூச்சப்பட்டு, பெண் எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று பேச்சை மாற்றினாள்.

மணமக்களை வாழ்த்திவிட்டு வந்து அவளும் மூர்த்தியும் வேனை எட்டிப் பார்த்தார்கள். ஆப்ரின் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். புஷ்பவள்ளியைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இதுவரை வீட்டாரைத் தவிர அவள் யாருக்கும் அப்படி இடம் கொடுத்ததில்லை. புஷ்பவள்ளி புதுச் சேலை கசங்குவதைக் கவனிக்காமல் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே நின்ற ஷாநவாஸிடம் சொன்னாள்: “பின் கதவு இன்னும் வெறுந்தகரமா இருக்கே தம்பி. பலக மிச்சம் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழம வந்து போட்டுரலாம்.”

“முதல்ல வந்து சாப்பிடுங்க அக்கா,” என்றாள் நுஸ்ரத். அன்றைக்கு அவள் எங்கும் அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை.