போ, வா

என் வயிற்றில் ஒரு குழாயை இறக்கினால் இந்தக் குடியிருப்பு முழுவதற்கும் ஐம்பது வருஷத்துக்குச் சூடு கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உன் தங்கச்சி பாவம், எதுக்கு ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டா? உன் வயித்தெரிச்சலே போதுமே.”

“சட்டை கருகுது, அதைப் பாருங்க,” என்றேன். கருகவில்லை.

பொறாமைதான், ஒளிப்பானேன்? பதினான்கு பிளாக், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. இந்தக் குளிர் ஊரில் பதினெட்டு வருஷமாக அத்தனை வீட்டுக்கும் வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு அனுப்புகிறவள் நான். முதல் பிளாக்கின் தரைக்குக் கீழே பாய்லர் அறை, அதில் நான், என் ஸ்டூல், எண்ணெய் நாற்றம். சூடு குறைந்தால் உடனே ஃபோன் வரும். குறையாவிட்டால் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. பாய்லரம்மா என்பதைத் தவிர எனக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்டதில்லை.

என் தங்கை மஞ்சள் ஹெல்மெட்டோடு ஜீப்பில் வந்து இறங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் லிஃப்டில் அவள் பேச்சு, மாடிப்படியில் அவள் பேச்சு. பால் வாங்கப் போனால் கடைக்காரம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, “மூக்கு அதே மூக்குதான். ஆனா அவங்க முகத்துல ஒரு களை இருக்கு,” என்கிறாள். பாலை அவள் தலையில் கொட்டலாமா என்று இருந்தது. கொட்டவில்லை, மிச்சச் சில்லறையை எடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அவளுக்குச் சின்னது என்று பெயர். ஏழு வயசு வரைக்கும் அதற்குச் செருப்பில் இடது எது வலது எது என்று தெரியாது. நான்தான் உள்பக்கம் பேனாவால் ‘இ’, ‘வ’ என்று எழுதிக் கொடுத்தேன். மை அழியும்போதெல்லாம் செருப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும். அந்தச் சின்னதுதான் இன்றைக்குப் பூமிக்கடியில் இருக்கும் சூட்டை எடுத்து ஊருக்குக் கொடுக்கப்போகிறதாம்.

சொல்ல மனசில்லை, ஆனால் வேலை சுத்தமான வேலை. ஒரு கிணற்றில் கொதிக்கிற தண்ணீர் மேலே வரும். வரிசையாக அடுக்கிய தகடுகளுக்கு ஒரு பக்கம் அது ஓடும், மறுபக்கம் நம் வீடுகளுக்குப் போகும் தண்ணீர் ஓடும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். ஆறிய தண்ணீர் இன்னொரு கிணறு வழியாக மறுபடி பூமிக்குள்ளேயே போய்விடும், அங்கே திரும்பவும் சூடேறும். அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் கரண்டும் எடுத்து பம்பை ஓட்டிக்கொள்வார்கள். புகை இல்லை, எண்ணெய் லாரி இல்லை, தீர்ந்துபோகுமே என்ற கவலை இல்லை. நானும் தேவையில்லை.

குடியிருப்போர் சங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பதினான்கு பிளாக்கிலும் சூடு வரவேண்டும். வராவிட்டால் பழைய பாய்லரே இருக்கட்டும், கிணற்றை மூடிவிட்டுப் போங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இங்கே வருவதற்கு முன்பிருந்தே இந்தத் திட்டத்துக்காக அவள் உழைத்த ஆறு வருஷமும் அந்தப் பத்து மணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பாய்லர் அறையில் தொடை தடிமனுக்கு இரண்டு குழாய் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வாரமே சிவப்புப் பெயின்டால் ஒன்றில் ‘போ’ என்றும் மற்றதில் ‘வா’ என்றும் எழுதினேன். சூடான தண்ணீர் வீடுகளுக்குப் போவது போ. ஆறிப்போய் என்னிடம் திரும்பி வருவது வா. போகும், வரும் என்று எழுதியிருக்கலாம்தான். எனக்கு வேண்டியவர்களை வாங்க, போங்க என்று கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்காரர் மட்டும் விலக்கு, அது என் மாமியாருக்குப் பயந்து ஆரம்பித்தது. சின்னதும் நானும் பிறந்ததிலிருந்து நீ, வா, போதான். ஒரு தடவை நாலு மாதம் முகம் பார்க்காமல் இருந்தோம், அந்தச் சண்டையில்கூட “நீ போடி” என்றுதான் கத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தகடு அடுக்கிய பீரோ உயர யந்திரத்தை, பாய்லரை அணைத்ததும் அதற்குப் பதிலாக இதன் வழியே தண்ணீர் ஓடும்படி மாட்டி முடித்திருந்தார்கள். போல்ட்டெல்லாம் பளபளவென்று இருந்தது. நான் சும்மா சுற்றிப் பார்த்தேன். சூடு வெளியே வரும் பக்கத்தை ‘வா’ குழாயில் மாட்டியிருந்தார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் கிணற்றடியில் நின்று யோசித்திருக்கிறார்கள். கிணற்றிலிருந்து சூடு வருவது வா, ஆறியது திரும்பிப் போவது போ. பதினெட்டு வருஷமாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும்தான் அது தலைகீழ் என்று தெரியும்.

‘வா’ குழாயில் கையை வைத்துக்கொண்டு, “சின்னது, இங்க பாரு,” என்று ஆரம்பித்தேன்.

வாசலில் சங்கத் தலைவர் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டுத் திரும்பி, “பாய்லரம்மா, இனிமே நீங்க நிம்மதியா வீட்ல உக்காரலாம். எல்லாம் தங்கச்சி பாத்துப்பாங்க. படிச்சவங்க,” என்றார்.

சின்னது சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னக்கா, கூப்பிட்டியா?”

“ஒண்ணுமில்ல. நீ போ.”

புதன் முழுக்க நேரம் இருந்தது. வியாழன் முழுக்க இருந்தது. இரண்டு நாளும் அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சியில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய், நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு பாய்லரை அணைத்தேன். குளிர்காலத்தில் அந்த அறை அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. எட்டரைக்கு அவள் பம்பைப் போட்டாள்.

ஒவ்வொரு பிளாக்கின் அடியிலும் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் எதிர்த்து வந்தால் அறைந்து மூடிக்கொள்ளும். பதினான்கும் மூடிக்கொண்டன. பம்பு முனகியது, அழுத்த முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது, வீடுகளுக்கு ஒரு சொட்டுச் சூடு போகவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்பதேகாலுக்குக் கோட்டும் கம்பளியுமாக இருபது முப்பது பேர் படியில் வந்து நின்றார்கள். தலைவர் வாட்சைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

சின்னதுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சின்ன வயசில் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் ஆகும். பம்பைப் பார்த்தாள், தகடுகளைப் பார்த்தாள், கிணற்றடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். குழாயில் எழுதியிருந்ததை மட்டும் பார்க்கவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் ஜில்லென்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் வேலை செய்யும் டெக்னீஷியன் ஒருத்தி உண்டு, தடிக்கண்ணாடி போட்டவள். அவள் மெதுவாக, “மேடம், மாட்றதுக்கு முன்னாடியே தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துடலாம்னு சொன்னேன்,” என்றாள். “நீங்கதான் வேணாம்னீங்க. எங்க அக்கா எழுதி வெச்சா அதுல தப்பு இருக்காதுன்னு சொன்னீங்க.”

நான் தன்னால் எழுந்துவிட்டேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லருக்குள் படிந்த சேற்றைக் கழுவ, அதற்குள் மட்டும் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டுவேன். வீடுகளுக்குப் போகிற திசை மாறாது. அதற்கென்று சுவர் ஓரமாகக் குறுக்குக் குழாயும் நாலு வால்வும் இருக்கின்றன. எந்த வரைபடத்திலும் கிடையாது, நான் சொல்லிப் போட வைத்தவை. பாய்லரின் இடத்தில் மாட்டிய புது யந்திரத்துக்கும் அவை பொருந்தும்.

“பம்பை நிறுத்து,” என்றேன். நிறுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வால்வை மூடினேன், இரண்டைத் திறந்தேன். கடைசி வால்வு துருவில் சிக்கி என் உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டது. “இப்பப் போடு.”

முள் இறங்கியது. முதல் பிளாக்கிலிருந்து ஃபோன் வந்தது, பிறகு மூன்றாவது, ஏழாவது. பத்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது பதினாலாவது பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல், “வந்துடுச்சு, கை வைக்க முடியல,” என்றது.

சின்னது என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். “எங்க அக்கா இல்லன்னா இன்னிக்கு நான் மூட்டை கட்டியிருப்பேன்,” என்றாள். படியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தலைவர் முதல்முறையாக என் பெயரைக் கேட்டார். பதினெட்டு வருஷமாக நான் எதற்கு ஏங்கினேனோ அது மொத்தமாகக் கிடைத்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்காரியும் கிணற்றடிக்குப் போய்விட்டாள். சின்னது என் ஸ்டூலில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘குழாயில் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. தவறாகப் புரிந்துகொண்டது என் பிழை’ என்று எழுதியிருந்தாள். கீழே, இனி நிலையத்தின் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை இன்று எழுதவில்லை, மை வேறு நிறம், என்றைக்கோ எழுதி வைத்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் படிப்பில் மேலே, பேரில் மேலே, கடைசியில் நல்ல மனசிலும் எனக்கு மேலேயா இவள்? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“உன் தப்பு இல்ல,” என்றேன். “மாத்தி மாட்டியிருக்குன்னு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.”

பேனா நின்றது.

“அன்னிக்குக் கூப்பிட்டியே, அதுக்கா?”

“ம்.”

“ஒண்ணுமில்லன்னு சொன்னே.”

“ம்.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம், என்னிடம் முப்பது வருஷத்துக் கணக்கு இருந்தது. அவள் கத்தவில்லை. எழுதிய எதையும் அடிக்கவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினாள். ‘போ’வையும் ‘வா’வையும் ஒரு தடவை பார்த்தாள். காது மடல் வெளுத்திருந்தது.

“சரி, நேரமாச்சு,” என்றாள். “நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பூட்டிட்டு வரேன்.”

கண்ணாடிக்காரி வந்துவிட்டாள் போலிருக்கிறது, அவளிடம் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.