ரெண்டாம் பொத்தான்

ஆட்டோ தேயிலைத் தோட்ட லயத்து முக்கில் நிற்பதற்குள்ளேயே துஷாந்தினி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் ஒப்பாரியைக் கூட்டினார்கள். அண்ணன் சுரேஸ் மட்டும் அழவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நம்பர மாத்துனா ஒரு வார்த்த சொல்லமாட்டியா? காலையில இருந்து அடிச்சு அடிச்சு வெரலு தேஞ்சிபோச்சு. இந்த நம்பரு பாவனையில இல்ல, பாவனையில இல்லன்னு போனுக்குள்ள ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருக்கா. கடசியில பதுளைக்கு ஆளனுப்பி ஒன் கடையில சொல்ல வேண்டியதாப் போச்சு. வெலிமடையில கெடந்த நானே ஒனக்கு முந்தி வந்துட்டேன்."

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காம்பரா அறையின் நடுவில் வாங்குப் பலகையின்மேல் அப்பா அழகர் கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. விடியக்காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவர் வாளியோடு சரிந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். துஷாந்தினி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை பொய்யில்லை. ஆனால் அழும்போதே அவள் கண் அப்பாவின் போனைத் தேடியது.

சுரேஸ் காலையிலிருந்து அடித்தது, போன வாரம் செவ்வாய்க்கிழமை வெட்டப்பட்ட அவளுடைய பழைய நம்பர். கல்யாணமான புதிதில் புருஷன் தயாபரன் தன் அடையாள அட்டையைக் கொடுத்து எடுத்துத் தந்த சிம். இரண்டு மாதத்துக்கு முன் வேறொருத்தியோடு போனவன், போகிற போக்கில் விட்டுத் தொலைத்திருக்கலாம். நம்பரையும் வெட்டினால்தான் அவனுக்கு மனம் ஆறியது போலிருக்கிறது. போன் கம்பனிக் கிளையில் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். சிம் யார் பேரில் இருக்கிறதோ அவரே வரவேண்டும் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் தன் பேரில் புது நம்பர் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

அப்பாவுக்கு எழுத்து வராது. போனில் ரெண்டை அழுத்திப் பிடித்தால் மகள், மூன்றை அழுத்திப் பிடித்தால் மகன். மகள் கூப்பிட்டால் நாதஸ்வரம், மகன் கூப்பிட்டால் மணி. எல்லாம் அவள் செய்து கொடுத்த ஏற்பாடு. லொத்தரில் பரிசு விழுந்திருக்கிறது என்று கண்டவனெல்லாம் பேசி ஏமாற்றுகிறான் என்று, வேறு சத்தம் வந்தால் போனைத் தொடவே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தாள். அவர் மகள் சொல்லைத் தட்டாத மனுஷன். புது நம்பரிலிருந்து இரண்டு தடவை அடித்தாள், எடுக்கவில்லை.

எடுக்காதது அவளுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது என்பதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. எடுத்திருந்தால் ஏன் மாற்றினாய் என்று கேட்டிருப்பார். தயாபரன் போன கதை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் ரெண்டாம் பொத்தானுக்குப் புது நம்பரைப் போட்டுக் கொடுக்கலாம் என்றிருந்தாள். ஞாயிறு வந்தது. தோட்டத்துக்குப் போகும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், பஸ் புறப்படுவதற்குள் இறங்கிவிட்டாள்.

அப்பா ரெண்டை அழுத்தியிருப்பாரே. மகள் நம்மை வேண்டாமென்று வெட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டா செத்தார்? அதைத் தவிர வேறெதுவும் அவள் தலைக்குள் ஏறவில்லை.

தோட்டத் தலைவர் வாசலில் வந்து நின்றார். "மூணு மணிக்குத் தூக்கணும். மாப்பிள்ள எங்கம்மா? தோள் குடுக்கணுமே."

எல்லாருடைய முகமும் துஷாந்தினி பக்கம் திரும்பியது. இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் வாயைத் திறக்கப் போனபோது அடுத்த காம்பராவில் குடியிருக்கும் தனலெட்சுமி முந்திக்கொண்டாள்.

"அவரு எப்பிடி வருவாரு? கொழும்புல புது வேலையில சேந்திருக்காரு, லீவு குடுக்கமாட்டாங்கன்னு அழகரண்ணன் சொன்னாருங்களே. நேத்து சாயந்தரம்கூட இந்தப் புள்ளகிட்ட போன்ல பேசிட்டு வந்துதான் சொன்னாரு."

"நேத்தா?" என்றான் சுரேஸ்.

"ஆமா தம்பி. தெனமும் அஞ்சரைக்கு இந்தப் படியில ஒக்காந்து பேசுவாரே. நாங்க ரேடியோவக்கூட கொறைச்சு வைக்கணும். 'ம்... சாப்டேம்மா... மாப்பிள்ளைய கேட்டேன்னு சொல்லு'ன்னு. லயத்துக்கே கேக்கும்."

சுரேஸ் தங்கையைப் பார்த்தான். "பேசுனியா?"

"பேசுனேன்," என்றாள். "நேத்து ராத்திரிதான் நம்பர் போச்சு. அப்பா போன குடுங்கண்ணே."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ரப்பர் வளையம் போட்ட பழைய பொத்தான் போன். அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழைத்த நம்பர்களின் பட்டியலில் முதலில் சுரேஸ் காலையில் அடித்தவை. விடியக்காலையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவர் தன்னைத் தேடவில்லை என்று அறிந்து மூச்சு விட்டாள். அதற்குக் கீழே நேற்று ஐந்து முப்பத்திரண்டு. முந்தாநாள் ஐந்தரை. அதற்கு முதல்நாள் ஐந்து இருபத்தெட்டு. நம்பர் வெட்டிய நாளிலிருந்து எட்டு நாள், எட்டுத் தடவை, செத்துப்போன அதே நம்பர்.

பாவனையில் இல்லை என்று போனுக்குள் அந்தப் பெண் சிங்களத்தில் சொல்லி, தமிழில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை அப்பா படியில் உட்கார்ந்து 'ம்' கொட்டியிருக்கிறார். சாப்பிட்டேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளையை விசாரித்திருக்கிறார். அவள் சொல்லாத கொழும்பு வேலையை லயத்துக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எது தெரியும், எவ்வளவு தெரியும், யார் சொன்னார்கள் என்று இனி யாரிடம் கேட்பது? துஷாந்தினி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

வெளியே பாடை கட்டி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பதிலாகத் தனலெட்சுமியின் மகன் தோள் கொடுப்பதாகப் பேச்சு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பேருக்கு நேரே இருந்த பழைய நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். புது நம்பரைப் போட்டாள். ரெண்டாம் பொத்தானுக்கும் அதையே வைத்தாள். போனைக் கொண்டுபோய், வழக்கமாக அது இருக்கும் ஜன்னல் பலகையில், அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். மறுபடி அடுப்படிக்கு வந்து தன் போனை எடுத்து அவருக்கு அடித்தாள். நம்பர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

காம்பராவில் நாதஸ்வரம் எழுந்தது. தூக்கக் குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தப்பு நின்றது.

"அழகரண்ணே, மக..." என்று இஸ்தோப்பிலிருந்து பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டுத் தனலெட்சுமி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

துஷாந்தினி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நாதஸ்வரம் தானாக ஓயும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.