காற்றுப் போன பிறகு எண்பது கிலோமீட்டர்

என் காரில் ஸ்டெப்னி கிடையாது. ஸ்டெப்னி வைக்கிற குழியில் ஓர் அலுவலர் உட்கார்ந்திருக்கிறார். வேகத்துக்காகக் கட்டின கார்களில் அப்படித்தான் தருகிறார்கள். அவர் பெயர் அருணகிரி. மேசை, முத்திரை, மின்விசிறி எல்லாம் அவருக்கு உண்டு.

டயர்கள் ரன்-பிளாட். காற்று முழுக்கப் போனாலும் பக்கச் சுவரின் கெட்டியில் வண்டி நிற்கும், ஓடும். எண்பது கிலோமீட்டர் தூரம், எண்பதுக்கு மேல் வேகம் கூடாது. அதற்கப்புறம் ஓடாது. ஓடுகிற டயருக்கு ஸ்டெப்னி எதற்கு என்று கேட்டுத்தான் குழியில் ஆளை வைத்திருக்கிறார்கள்.

பல்லடம் தாண்டி நூற்றுமுப்பதில் போகும்போது பின்பக்க இடது டயரில் காற்றுப் போனது. வண்டி இம்மிகூட ஆடவில்லை. சாதா டயராக இருந்திருந்தால் நான் புளியமரத்தில் இருந்திருப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் நியாயம் பேசுகிற மனநிலையில் நான் இல்லை. எதிரே மைல்கல்லில் ‘கோயில் 81’ என்று போட்டிருந்தது.

அது அக்கா வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயில். பன்னிரண்டு மணிக்குள் அக்கா மகள் வர்ணிகாவுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு ஐந்து வயது. இத்தனை வருடமாகக் காது மூளியாகவே கிடந்தது. மாமன் மடி இல்லாமல் குத்த அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மாமனைக் கூப்பிடவும் ஒத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன டயரால் வந்தது. அக்கா ஏழு மாதமாக இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் காரில் கூட்டிவந்தேன். ரோட்டில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் முதுகெலும்புக்குத் தெரிகிற வண்டி இது. “வண்டியாடா இது, உரலு” என்றாள் சுகந்தி அக்கா. “உனக்கெல்லாம் நல்ல வண்டியோட அருமை தெரியாது” என்றேன். பாதி வழியில் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

போன வாரம் போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை. வந்து மடி குடு.” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை வந்தது. கடைக்காரர் பாலுச்சாமி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“நிக்குதுங்களே” என்றார்.

“காத்து இல்லீங்க. சுவத்துல நிக்குது.”

“காத்துப் போனா உக்காரோணும். உக்காராததுக்கு நான் எப்படிங்க பஞ்சர் ஒட்டறது?”

“இது வேற மாதிரி டயருங்க.”

“உக்காரச் சொல்லிப் பாருங்க.”

டயரை உதைத்தேன். அது உட்காரவில்லை. என் கால் விரல்தான் வீங்கியது.

பாலுச்சாமி தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கையை விடச் சொன்னார். விட்டேன். முழங்கையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது.

“ஓட்டை உங்களுதுங்க” என்றார்.

முழங்கையை உப்புத்தாளால் தேய்த்தார். பசை தடவி ஊதிக் காயவைத்தார். ரப்பர் வில்லையை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். குறை சொல்ல முடியாத வேலை. அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இப்படி வேலை தெரிந்த மனுஷன் டயரைத் தொட மாட்டேன் என்கிறார்.

டிக்கியைத் திறந்து இறங்கினேன். அருணகிரியின் அறைக்கு முன்னால் இருக்கும் வராந்தா போன தடவை ஏழடிதான். இப்போது நடக்க நடக்க நீண்டது. இந்த நீளத்தை ரோட்டில் கொடுத்திருந்தால் கோயிலுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

“எண்பத்தோரு கிலோமீட்டர் வேணுங்க” என்றேன்.

“எண்பதுதான் உண்டு.”

“கோயில் எண்பத்தொண்ணுல இருக்கு.”

“கோயிலை ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம் தள்ளி வைக்க மனு குடுக்கலாம். அது வேற பிரிவு.”

“அந்தப் பிரிவு எங்க?”

“முன்னாடி வலது டயர்ல.”

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. மடி கொடுக்க என்று எழுதினேன்.

“மடி உங்களுதுதானா?”

“பின்ன யாருது?”

டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “மடியே இல்லையே.”

“நின்னுட்டிருக்கேன். உக்காந்தா வரும்.”

“உக்கார இங்க நாற்காலி இல்ல. வண்டியோட எடையக் குறைக்கறதுக்காக எடுத்துட்டாங்க. மடி காணப்படவில்லைன்னு எழுதிக்கறேன்.”

சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்தது நாற்காலியில்தான். அவருக்கு மடி இருந்தது. அதன் மேல் ஒரு கோப்பு கிடந்தது. அந்த ஆளை அப்படியே தூக்கி வெளியே எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. மணி பத்தே முக்கால்.

“டிக் போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுங்க” என்றார்.

போட்டேன். டிக் போட்டுக் கொடுத்த தாளை நம் ஊரில் யார் படித்துப் பார்த்திருக்கிறார்கள்? வண்டி வாங்கும்போதும் இப்படித்தான் நாற்பது இடத்தில் போட்டேன். பதினொரு கையெழுத்து. முத்திரை குத்தினார்.

எண்பதில் ஓட்டினேன். எண்ணெய் மணக்கிற மொபெட்டில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். கோழிகள் திரும்பிப் பார்த்தன. தேங்காய் லாரி தாண்டியது. ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துத் தாண்டியது. இருநூற்றுத் தொண்ணூறு குதிரைத்திறன் உள்ள காரை ஒரு டிராக்டர் தாண்டினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஸ்டியரிங்கைக் குத்தினேன். வண்டி மட்டும் சொகுசு இல்லாமல், சிணுங்காமல், பிடிவாதமாக ஓடியது. அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்திலும் உண்டு.

பதினொன்றே முக்காலுக்கு எண்பது கிலோமீட்டர் முடிந்தது. வண்டி நின்றது. எதிரே ஒரு கிலோமீட்டரில் கோயில் தெரிந்தது. அக்காவின் மாம்பழ நிறப் புடவைகூடத் தெரிந்தது. குழந்தைக்கு எடுத்த பட்டுப் பாவாடையும் கம்மலும் இருந்த சீர்த் தட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன். தட்டு அருணகிரியின் கையில் இருந்தது. பட்டு வேட்டி கட்டி, குளித்த ஈரம் காயாத தலையோடு நின்றார்.

“எங்க போறீங்க?” என்றேன்.

“மாற்று ஏற்பாடு அலுவலகம் செய்யும்னு ஏழாவது தாள்ல இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அவரைப் பிடிக்கப் பாய்ந்தேன். நான் ஓர் அடி வைத்தால் ரோடு ஓர் அடி நீண்டது. பத்து அடி வைத்தால் பத்தடி. அவர் சாதாரணமாக நடந்து போய்ச் சேர்ந்தார்.

உறுமிக்காரர் அடிக்க ஆரம்பித்தார். அருணகிரி பலகையில் உட்கார்ந்தார். வர்ணிகாவை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. அவர் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து வாழைப்பழம் ஊட்டினார். எனக்கு ஊட்டத் தெரிந்திருக்காது. அதை நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

அப்புறம் அக்கா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, பேச்சும் கேட்டது.

“அஞ்சு வருசமா எங்கடா போய்த் தொலஞ்ச? நாங் கூப்பிடாட்டி வர மாட்டியா? ரோசக்காரா, உன்னயத் தூக்கி வளத்துன இடுப்புடா இது.”

திட்டிக்கொண்டே அழுதாள். தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து அவர் மேல் எறிந்தாள். அவர் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். “டயரு கல்லுதானுங்க்கா. தப்பு என்னுதுதான்” என்றார். அவள் அவர் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

அந்தத் திட்டு எனக்குரியது. அந்த அடியும் எனக்குரியது. “அக்கா, இங்க பாரு, என்னயத் திட்டு” என்று தொண்டை கிழியக் கத்தினேன். உறுமி நின்றது. எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

“யாருங்க அது?” என்று அக்கா கேட்டாள்.

“நம்ம டிரைவருங்க. பசி போல” என்றார் அருணகிரி.

கொஞ்ச நேரத்தில் அக்காவே இலையில் கறிச்சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரோடு நீளவில்லை. அழுது சிவந்த கண்ணோடு, சந்தோஷமாக, என் முன்னால் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இலையை நீட்டினாள்.

“இந்தாங்க, சாப்பிடுங்க” என்றாள். “ரொம்பத் தூரத்திலிருந்து வர்றீங்களா?”

பிறந்ததிலிருந்து என்னை ‘டா’ போட்டே கூப்பிட்டவள்.

“எண்பது கிலோமீட்டருங்க” என்றேன்.